கரண்ட் தம்பிக்கு வந்த குரல்

அந்த வீட்டில் பகல் நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவள் மருமகள். சட்டத்துக்கு அடங்கி நடக்க வேண்டியவர் ஒரே ஒருத்தர், அவளுடைய மாமனார். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பாதி நாள் நடுக்கடலில் இருப்பவனை எந்த வீட்டுச் சட்டம் என்ன செய்ய முடியும்?

அவள் குரல் விற்றுப் பிழைப்பவள். கார்ட்டூன் தொடர்களுக்குப் பின்னணி பேசுவது தொழில். ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைக் குரல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள், சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்மைப் பெயர் இருக்கும். ஸ்டுடியோவுக்குப் போய்வரும் அலைச்சல் தாங்காமல் படுக்கையறையின் சுவர் அலமாரியைக் காலி செய்து, பழைய மெத்தையைக் கிழித்து உள்ளே நாலு பக்கமும் ஒட்டி, நடுவில் ஒரு மைக்கை நிறுத்தி, வீட்டிலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் செய்துகொண்டாள். சேலைகளும் சட்டைகளும் அன்றிலிருந்து நாற்காலிகளின் முதுகில் குடியிருக்கின்றன.

அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் ரெக்கார்டிங் நடக்கிறது என்று அர்த்தம். துண்டு தொங்கும்போது மிக்ஸி ஓடாது, குக்கர் விசிலடிக்காது, மின்விசிறி சுற்றாது. மாமனாருக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிக்கொள்ள வேண்டும். அவரும் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனுஷர் வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் கண்டக்டர். ஏறுபவர் இறங்குபவர் அத்தனை பேரிடமும் வாயாடி, சில்லறைக்குச் சண்டை போட்டு, அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டி, "நடுவுல இடம் இருக்கு, உள்ள போங்க" என்று நாளெல்லாம் கத்தி வாழ்ந்தவர். அவரைப் பிடித்து இந்த ஊமை வீட்டில் உட்கார வைத்தாயிற்று.

குரல்காரி கெட்டவள் இல்லை. வேளா வேளைக்குச் சாப்பாடு, தீருவதற்கு முன்பே மாத்திரை, கண்ணாடி உடைந்தால் மறுநாளே புதுக் கண்ணாடி, எல்லாம் உண்டு. ஆனால் அவரிடம் பேசுவதற்கு அவள் வைத்திருந்தது மொத்தமே மூன்று வசனம். "சாப்பாடு மேஜை மேல இருக்கு மாமா." "மாத்திரை போட்டாச்சா மாமா?" "துண்டு போடறேன் மாமா." ஊரில் உள்ள அணில், ஆமை, ஓநாய் எல்லாவற்றுக்கும் பேசிவிட்டு வெளியே வருகிறவளுக்கு அதற்குமேல் தொண்டையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அன்றைக்கு அணிலின் முறை. மரப்பொந்தில் தனியாக இருக்கும் அணில், மாறுவேஷத்தில் வரும் நரியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, திருடன், திருடன், யாரும் கதவைத் திறக்காதீங்க" என்று அலற வேண்டும். ஒவ்வொரு தரமும் போனில் கேட்ட டைரக்டருக்கு அந்த அலறல் திருப்தியாகவே இல்லை. ஒருதரம் பயம் போதாது என்றார், இன்னொரு தரம் பயம் கூடிப்போய் அணில் எலியாகிவிட்டது என்றார். காலையிலிருந்து அவள் திருடன் திருடன் என்று கத்திக்கொண்டே இருந்தாள். கதவு தட்டும் ஓசையும் அவளே பலகையில் தட்டிக் கொடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முழுவதையும் அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் தொடர் அடுத்தவள் கைக்குப் போய்விடும் என்று டைரக்டர் நயமாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று மதியம் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும் என்று இருந்தது. அவளுக்குக் கட்டணம் கட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் கரண்ட் என்ற சொல்லைப் பார்த்ததுமே மூளை பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கரண்ட் போனால் கணினி போகும், கணினி போனால் அணில் போகும், அணில் போனால் தொடரே போகும். அவள் அழைப்பதற்குள் அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்துவிட்டது.

"வணக்கம் மேடம், மின்சார ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்கள் கடந்த மாத பில் அப்டேட் ஆக. வில்லை. ஆகவே இன்று மதியம் உங்கள் மின். இணைப்பு துண்டிக்கப்படும்."

இளவட்டக் குரல். வணக்கம் வரைக்கும் சொந்தமாகப் பேசினான், அதற்கப்புறம் எதையோ பார்த்துப் படித்தான். அதுவும் எப்படிப் படித்தான் தெரியுமா, கண்ட இடத்தில் மூச்சு விட்டு, சொல்லை நடுவில் ஒடித்து, கேட்பவர் காதில் கல் விழுகிற மாதிரி. குரல்காரிக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. நிஜமான ஆபீஸ்காரன் படிக்க மாட்டான், சலித்துக்கொள்வான். ஒரே விஷயத்தை நாளெல்லாம் ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு அது மனப்பாடமாகி அலுத்துப்போயிருக்கும். இவன் தாளைப் பார்த்து ஒப்பிக்கிறான். அப்படியென்றால் இவன் யார் என்பது விளங்கிவிட்டது.

மூளையுள்ளவள் அந்த இடத்தில் போனை வைத்திருப்பாள். எண்ணைத் தடை செய்துவிட்டு, பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் ஆபீஸ் எண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். வீட்டில் இருக்கும் இன்னொருவரையும் எச்சரித்திருப்பாள். குரல்காரிக்கு மூளை இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் தொழில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகப் பேச வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் அவள். தப்பான வாசிப்பைக் கேட்டால் கை அரிக்கும்.

"தம்பி, மின் இணைப்பு ஒரே சொல்லு. நடுவுல எதுக்கு மூச்சு விடறீங்க?"

மறுமுனையில் தாள் சரசரத்தது. "என்ன மேடம்?"

"இன்னொரு தரம் சொல்லுங்க. ஒரே மூச்சுல."

அவன் சொன்னான். என்ன சாபமோ, உண்மையிலேயே திரும்பச் சொன்னான். புதுப்பையன்போல. இந்த முறை சொல் ஒடியவில்லை. அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பரவால்ல. ஆனா இது என்ன, போலீஸ்காரன் மாதிரி அதட்டறீங்க? பயந்தவங்க உடனே போனை வெச்சிருவாங்க. கேக்கறவங்க பயப்படணும், ஆனா உங்களைப் பாத்து பயப்படக் கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"பெரியவங்கன்னா முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேளுங்க. பதில் சொல்ல விடுங்க. அப்புறம் குரலை இறக்கி, 'அப்பா, பதறாதீங்க, நான் இருக்கேன்ல' அப்படின்னு சொல்லணும். 'இருக்கேன்ல'ங்கறதை இழுக்கக் கூடாது. சும்மா வந்து உக்காரணும் அது."

"அப்பா, பதறாதீங்க. நான் இருக்கேன்ல."

"அடடா," என்றாள் அவள், மனதாரவே. "இப்பதான் மனுஷன் பேசற மாதிரி இருக்கு. சரி தம்பி, நான் பில் கட்டியாச்சு. நீங்க ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற நல்ல வேலையாப் பாருங்க."

போனை வைத்துவிட்டு அலமாரிக்குள் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். திருடனுக்கே பாடம் எடுத்த பெருமை. கணவன் கூப்பிடும்போது சொல்லிச் சிரிக்க வேண்டும், ஸ்டுடியோவில் சொன்னால் ஒரு வாரத்துக்கு இதுவே பேச்சாக இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டாள். அதே வீட்டில் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. துண்டு கைப்பிடியில் தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதில் அவள் மறந்த விஷயம் ஒன்று. அவளுடைய கைபேசி எண்ணும் மாமனாருடையதும் ஒரே கடையில் ஒரே நாளில் ஜோடியாக வாங்கியவை. இவளுடையது எதில் முடிகிறதோ அதற்கு அடுத்த எண் அவருடையது. கரண்ட் தம்பியோ வரிசையாக ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டு வருகிறவன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அணிலுக்குத் திரும்பினாள். மைக்கைத் திறந்து, மூச்சைச் சரிசெய்து, அடுத்த அலறலுக்கு வாய் திறக்கும் நேரத்தில் ஹெட்போனில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. அந்த மைக் பொல்லாதது, பக்கத்து அறையில் எறும்பு ஊர்ந்தாலும் பிடித்துவிடும். அலமாரிக்குப் பின்சுவர்தான் குளியலறைச் சுவர். அவள் எரிச்சலோடு ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

நல்ல குரல், என்று நினைத்தாள். யாரோ வானொலியில் பேசுகிறார்கள் போலிருக்கிறது.

"அப்பா, பதறாதீங்க. நான் இருக்கேன்ல."

எவ்வளவு இதமாக வந்து உட்காருகிறது பார், என்று ஒரு கணம் ரசிக்கக்கூடச் செய்தாள். மறு கணம் தலையிலிருந்து ஹெட்போன் பறந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவள் காசு வாங்காமலே செய்திருந்தாள். அறையை விட்டு ஓடி வந்தால் குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள். மாமனார் நல்ல மனுஷர். துண்டு தொங்குகிறது, கூடத்தில் பேசினால் மருமகளின் வேலை கெடும் என்று போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். உள்ளே நடப்பது முழுவதும் வெளியே கேட்டது.

"ஆப் இறங்கிடுச்சாப்பா?"

"பாதி இறங்கியிருக்கு தம்பி. வட்டம் சுத்திட்டே இருக்கு."

"அவசரமில்லப்பா. அது முடிஞ்சதும் ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அந்த நம்பரைச் சொன்னால் கைபேசியே அவன் கைக்குப் போய்விடும். மாமனார் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் மொத்தமும் அந்தக் கைபேசியின் உள்ளேதான் இருந்தது. மகன் போன முறை வந்தபோது வங்கிக் கணக்கை அதில் இணைத்துக் கொடுத்திருந்தான். அது என்ன பெரிய கோடியா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பிள்ளை கையையும் மருமகள் கையையும் எதிர்பார்க்காமல் அவர் அந்த வீட்டில் நிமிர்ந்து நடமாடுவதே அந்தப் பணத்தின் தைரியத்தில்தான். அது போனால் மனுஷர் குனிந்துவிடுவார், அப்புறம் நிமிரவே மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

கதவைத் தட்டிக்கொண்டு கத்தினாள். "மாமா, திருடன், திருடன். பேசாதீங்க."

வாயிலிருந்து வந்தது அணில். காலையெல்லாம் கீச்சுக்குரலில் கத்தியிருந்த தொண்டை, அவசரத்தில் தன் சொந்தக் குரலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் கையில் கிடைத்ததை எடுத்து விட்டுவிட்டது. அவள் இருமினாள், செருமினாள், மறுபடி கத்தினாள். மறுபடியும் அணில்தான்.

உள்ளே மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசுப்பா. எங்க வீட்டுல ரெக்கார்டிங் நடக்குது."

"யாரோ திருடன்னு கத்தற மாதிரி இருக்கேப்பா."

"அது என் மருமகதான். காலையிலேர்ந்து அதையேதான் கத்திட்டிருக்கா. அந்த டைரக்டருக்கு எவ்ளோ கத்தினாலும் பத்தலை. இப்ப பரவால்ல, முன்னைக்கு இப்ப பயம் நல்லா வருது."

அவள் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். "தட்டற சத்தம்கூட அவளேதான் போடுவா," என்று உள்ளே பெருமையாக விளக்கம் வந்தது. குரல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. இதற்கு நடுவில் மாமனார் தம்பியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "கரண்ட் போனா அவ வேலை போயிடும்பா. அதான் என் பணத்துலேர்ந்தே கட்டிடறேன். அவகிட்ட சொல்ல வேணாம். பாவம், மூச்சு விடாம உழைக்கறா."

"வந்துடுச்சு தம்பி, நம்பர் வந்துடுச்சு. கண்ணாடி எங்க வெச்சேன்... இரு, சட்டைப் பையில இருக்கு."

குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், தலைக்குமேல், மெயின் சுவிட்ச் பெட்டி. அவள் அதைப் பார்த்தாள். கணினியில் காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் திறந்தபடி இருந்தது. சேமிக்கவில்லை. கடைசியில் மொத்தமாகச் சேமிப்பது அவளுடைய வழக்கம், நடுவில் சேமித்தால் ராசியில்லை என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரி பெட்டியும் செத்துப் பல மாதம் ஆகிறது. நரி, பொந்து, டைரக்டர் கடைசியாக ஒருவழியாக ஒப்புக்கொண்ட அந்த ஒரே ஒரு அலறல், எல்லாம் அதற்குள்தான். குதிகாலைத் தூக்கி எட்டி, மெயினைக் கீழே இழுத்தாள்.

வீடு மொத்தமும் அணைந்தது. வைஃபையும் சேர்ந்து போனது. மாமனார் கைபேசிக்கு இணையம் என்றால் அந்த வைஃபை மட்டும்தான், அதனால் அப்போதுதான் திறந்த அந்த ஆப்பும் அந்த நிமிஷமே படுத்தது. ஆனால் பேச்சு படுக்கவில்லை. அது சாதாரண அழைப்பு.

"ஐயோ தம்பி, கரண்ட் போயிடுச்சே."

கரண்ட் தம்பி ஒரு கணம்தான் திகைத்தான். "ஆமாப்பா. நாங்கதான் நிறுத்தினோம். நேரம் முடிஞ்சிருச்சு. நம்பர் சொல்லுங்க, உடனே போட்டுடறேன்."

தாளில் இல்லாத வசனம். சொந்தமாகப் போடுகிறான். இருட்டில் எதிரொலித்த அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை. இவனைக் கைதூக்கி விட்டது யார்?

"அம்மாடி," என்று மாமனார் உள்ளிருந்து உரக்கக் கூப்பிட்டார். கரண்ட் இல்லை என்றால் ரெக்கார்டிங் இல்லை, ரெக்கார்டிங் இல்லை என்றால் பேசலாம். "பயப்படாதே. ஆபீஸ்லதான் பேசிட்டிருக்கேன். இப்ப வந்துடும்."

"மாமா, அவன் ஆபீஸ் இல்ல. ஏமாத்துக்காரன்." ஒருவழியாகச் சொந்தக் குரல் வந்தது, கரகரவென்று. "நம்பரைச் சொல்லாதீங்க."

"ச்சே, அப்படிச் சொல்லாதே. எவ்ளோ மரியாதையா பேசறான். நான் சாப்பிட்டேனான்னு கேட்டான்."

அவள் வாதாடவில்லை. மெயினை மேலே தள்ளினாள்.

"தம்பி, வந்துடுச்சு."

"ஆங்... வந்துடுச்சாப்பா? அது, உங்க வயசைப் பாத்து நான்தான் ரெண்டு நிமிஷம் போட்டுவிட்டேன்."

இறக்கினாள்.

"போயிடுச்சே."

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சுதுப்பா."

"அதுக்குள்ளயா?"

"ஆபீஸ் கடிகாரம் வேகமா ஓடும்பா."

ஏற்றினாள். "வந்துடுச்சு." "மேலதிகாரிகிட்ட கெஞ்சிப் போட்டேன்." இறக்கினாள். "போயிடுச்சு." "மேலதிகாரி கோவிச்சிட்டாருப்பா." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் மெயினை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பயல் தன் கையில்தான் கயிறு இருக்கிறது என்று சாதித்தான். பக்கத்து வீட்டில் யாராவது பார்த்திருந்தால் இந்த வீட்டுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வைத்தியம் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். வைஃபை பெட்டிக்குக் கண் விழிக்கவே நேரம் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை ஏற்றிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். கதவில் வாயை வைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"மாமா, இப்ப லைட் எரியுதா?"

"எரியுது."

"கரண்ட் அவர் கையிலதானே இருக்கு. இப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கும்மா வந்த கரண்டை..."

"சும்மா ஒரு தரம். எனக்காக."

உள்ளே மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, தப்பா நினைக்காதே. இப்ப ஒரு தரம் நிறுத்திக் காட்டேன்."

"நிறுத்திட்டேம்பா. பாருங்க, இருட்டாயிடுச்சுல்ல? நம்பர் சொன்னாதான் இனிமே வரும்."

குளியலறைக் கதவின் அடியிலிருந்து வெளிச்சம் பளீரென்று வந்து அவள் கால்விரல்களில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கதவில் காதை வைத்தாள்.

"ஆமாப்பா," என்றார் மாமனார். "ஒரே இருட்டு."

குரல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவை உடைக்கலாமா என்றுகூட ஒரு யோசனை. ஆனால் அவர் நம்பரைச் சொல்லவில்லை. வேறு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ மதியம் சாப்பிட்டியா தம்பி? ... இன்னும் இல்லையா? இவ்ளோ நேரம் என்கூடப் பேசிட்டிருந்தா எப்படிச் சாப்பிடுவே. நான் பஸ்ல போன காலத்துல நேரத்துக்குச் சாப்பிடாமத்தான் வயித்தைக் கெடுத்துக்கிட்டேன். ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா, ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைத் துணிப்பைக்குள்ள வெச்சு ஏத்திட்டாரு..." அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டி பையை விட்டு வெளியே வந்ததும், அதற்கு டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதும், விஸ்தாரமாக நடந்தது. தம்பி நடுநடுவே "அப்பா, நம்பர்... அப்பா, அந்த நம்பர்" என்று முனகினான். அவனுக்குத் தாளும் உதவவில்லை, சொந்தச் சரக்கும் தீர்ந்துவிட்டது. ஆட்டுக்குட்டி டிரைவரின் மடியில் ஏறுவதற்குள் அவனே போனை வைத்துவிட்டான்.

தாழ்ப்பாள் விலகியது. மாமனார் வெளியே வந்தார். முதல் வேலையாகக் கைபேசியை அவளிடம் நீட்டினார். "அந்த ஆப்பை எடுத்துடும்மா. எனக்குத் தெரியாது."

அவள் அதை அழித்தாள். அவர் கைபேசியிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டு, அவரையே பேச வைத்து, கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டச் சொன்னாள். பணம் அப்படியே இருக்கிறது என்று வங்கிப் பெண் சொன்ன பிறகுதான் அவள் போனைக் கீழே வைத்தாள். இருவரும் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள்.

"எப்ப மாமா தெரிஞ்சுது?"

"நிறுத்திட்டேன்னு சொன்னான், லைட் எரிஞ்சுது. அப்பவே."

"அப்புறமும் எதுக்குப் பேசிட்டிருந்தீங்க?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "திருட்டுப்பயதான். எனக்கென்ன தெரியாதா? ஆனா நல்லாப் பேசினாம்மா. அப்பா, பதறாதீங்க, நான் இருக்கேன்லன்னு சொன்னான் பாரு. கேக்க நல்லா இருந்துச்சு. சரி, இன்னும் கொஞ்சம் பேசுவோம்னு தோணுச்சு."

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மறைக்கலாம்தான், அவருக்கு எப்படித் தெரியப் போகிறது. ஆனால் சொல்லிவிட்டாள். அவன் முதலில் தனக்குத்தான் போன் செய்தான் என்பதையும், கல் மாதிரிப் படித்தான் என்பதையும், தாங்க முடியாமல் தானே உட்கார்ந்து திருத்தியதையும், அந்த வசனம் தன்னுடையது என்பதையும்.

மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளை முதல் தடவை பார்ப்பதுபோல ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"உனக்கு அப்படியெல்லாம் பேச வருமாம்மா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளைச் சுருட்டிப் போட்டது. கேவி அழுதாள், அழுகையின் நடுவில் ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்து சிரித்தாள், மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார்.

"அந்த ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் போட்டீங்களா இல்லையா மாமா?" என்றாள்.

"உனக்கு வேலை இல்லையா?"

"சொல்லுங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதையில் டிரைவர் மடிவரைக்கும் வந்திருப்பார், அவளுடைய கைபேசி அடித்தது. திரையில் டைரக்டர். அவள் கையை நீட்டுவதற்குள் மாமனார் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"யாரு பேசறது?"

"டைரக்டர் பேசறேங்க."

"டைரக்டர்னு யாரு வேணா சொல்லலாம். இங்க நம்பர் எல்லாம் சொல்ற வழக்கமில்ல. ஆப்பும் இறக்க மாட்டோம்."

"சார், நிஜமாவே டைரக்டர்தான். அணில் என்ன ஆச்சுன்னு கேக்கலாம்னு..."

"அணிலா? அது போச்சு. கரண்ட் போயிடுச்சு. மறுபடி கத்துவா, அனுப்புவா. உங்களுக்கு எவ்ளோ கத்தினாலும் பத்தாதுன்னு எனக்குத் தெரியும், இந்தத் தடவை கொடுக்கறதை வாங்கிக்குங்க."

"சரிங்க சார். அவங்ககிட்ட கொடுங்களேன், ஒரு நிமிஷம்."

மாமனார் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அழுததும் சிரித்ததும் இன்னும் காயவில்லை. போனுக்காக அவள் கை நீளவுமில்லை.

"இப்ப முடியாதுப்பா," என்றார் அவர். "அவ வேலையா இருக்கா. என்கூடப் பேசிட்டிருக்கா."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டியை டிரைவர் மடியிலிருந்து இறக்கினார்.